கயிற்றின் அந்த முனையில் ஆனை

வட்டக்கொம்பை ஆட்களைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. சொன்ன பேச்சைக் கேட்கிற ஜனம். "சித்தெ அடுப்பைப் பார்த்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனால், கூரையே பற்றி எரிந்தாலும் அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கண்ணை அங்கே இங்கே திருப்ப மாட்டார்கள். அப்படிப்பட்ட ஊர்.

அந்த ஊரில் சென்னியப்பன் என்று ஒருத்தன். வயது முப்பத்திரண்டு. பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் கேசரியும் காப்பியும் கிடைத்தன, பெண் மட்டும் கிடைக்கவில்லை. ஏழு இடம் தட்டிப்போய், எட்டாவதாக ஊஞ்சக்குட்டையில் பாவாத்தாள் என்ற பெண் சரியென்று தலையாட்டினாள். அந்தச் சந்தோஷத்தைத் தாங்க முடியாமல் சென்னியப்பன் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டான்.

ஆனால் நிம்மதியாக இருக்க விட்டார்களா? எங்கே விட்டார்கள். பாவாத்தாளின் அப்பா நஞ்சப்பன் கறாரான மனிதர். "முகூர்த்தம் பத்தரையிலிருந்து பன்னெண்டு. பன்னெண்டு அடிச்சு ஒரு நிமிசம் ஆனாலும் நான் காத்திருக்க மாட்டேன். என்ற அக்கா மகனைப் பட்டு வேட்டி கட்டிப் பந்தல்லயே உக்கார வெச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சென்னியப்பனுக்குக் கனவில் வருவதெல்லாம் அந்த அக்கா மகன்தான். பாவாத்தாள் ஒரு நாள்கூட வரவில்லை.

ஊஞ்சக்குட்டைக்கு வேன் போகிற ரோடு இருக்கிறது. பெண்டு பிள்ளைகளெல்லாம் முந்தின நாளே வேனில் போய்விட்டார்கள். ஆனால் வட்டக்கொம்பை வழக்கம் ஒன்று உண்டு. மாப்பிள்ளை நான்கு ஆட்களோடு காட்டு வழியாக நடந்துதான் போக வேண்டும், பெண்ணோடு நடந்துதான் திரும்ப வேண்டும். இரண்டு மணி நேர நடை. அதனால் கல்யாணத்தன்று காலை ஏழு மணிக்கு, கூறைப்புடவை மூட்டையும் பித்தளைத் தாம்பாளமுமாக ஐந்து பேரும் கிளம்பினார்கள்.

கூட வந்த நான்கு பேரையும் சொல்லிவிடுகிறேன். ஒருத்தர் சென்னியப்பனின் தாய்மாமன் மாரப்பன். எந்த விஷயமானாலும் கடைசியில் தீர்ப்பு அவர் சொல்வதுதான். அடுத்தவன் வேலப்பன், கிணறு வெட்டுகிறவன். ஆழம் பார்க்கிற கயிறு தோளில் இல்லாமல் சாவு வீட்டுக்குக்கூடப் போகமாட்டான். மூன்றாவது செல்லான், ஆடு மேய்க்கிறவன். எந்த மிருகத்தோடும் பேசுவான், எதுவும் இதுவரை பதில் சொன்னதில்லை. நான்காவது குப்பண்ணன். அவனுக்குச் சந்தேகம் கேட்பதுதான் வேலை, மிச்ச நேரத்தில் ஒரு மாடு வைத்திருந்தான்.

காடு தொடங்கும் இடத்தில் வனத்துறைக் கார்டு சடையப்பன் அவர்களை நிறுத்தினார்.

"கல்யாணக் கூட்டமா? சரி, நல்லாக் கேட்டுக்குங்க. ஒத்தை ஆனை ஒண்ணு இந்தப் பக்கம் சுத்துது. வழியில ஆனை இருந்தா அது முதல்ல போவட்டும், அப்புறம் நீங்க போங்க. ஆனைகிட்ட இருந்து எப்பவும் நூறு அடி தள்ளி நில்லுங்க. என்ன ஆனாலும் ஓடாதீங்க. கரடியைப் பார்த்தா முதுகைக் காட்டாதீங்க. இவ்வளவுதான்."

ஐந்து பேரும் இரண்டு தரம் திருப்பிச் சொல்லிக் காட்டினார்கள். கார்டுக்குப் பரம திருப்தி. பாவம், அவர் வட்டக்கொம்பைப் பக்கம் வேலைக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

காட்டுக்குள் முதல் அடி வைக்கப் போன சென்னியப்பனை மாமன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"எங்க மாப்ளே போற? ஆனை முதல்ல போவோணும்னு சொன்னாரில்ல?"

"ஆனையே இல்லீங்களே மாமா."

"இல்லாத ஆனை எப்படிப் போவும்? வரட்டும். வந்து, போவட்டும். அப்புறம் போலாம். உக்காரு."

உட்கார்ந்தார்கள். எட்டு மணி ஆனது. எட்டரை ஆனது. சென்னியப்பன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பான், காட்டைப் பார்ப்பான். அங்கே அக்கா மகன் பட்டு வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டிருப்பது அவன் கண்ணுக்குள் தெரிந்தது. ஆனைக்குக் கொஞ்சமாவது பொறுப்பு இருக்கிறதா பாருங்கள். ஒரு மனுஷன் கல்யாணத்தை வைத்துக்கொண்டு இப்படியா தாமதம் பண்ணுவது?

"ஏனுங் மாமா," என்றான் குப்பண்ணன், "நாம வர்றதுக்கு முன்னாடியே அது போயிருந்தா?"

இது யோசிக்க வேண்டிய விஷயம். மாமன் கால் மணி நேரம் யோசித்தார். பிறகு, அத்தாட்சி இருந்தால் ஒப்புக்கொள்ளலாம் என்றார். நான்கு பேரும் தேடினார்கள். பத்தடி தள்ளி, வழி நடுவிலேயே, ஒரு கூடை அளவுக்கு ஆனை லத்தி கிடந்தது. செல்லான் கையை உள்ளே விட்டுப் பார்த்தான்.

"உள்ள இன்னும் சூடு ஆறலைங்க மாமா. இப்பத்தான் போயிருக்குது."

"அப்பாடா," என்றார் மாமன். "பயமில்லை, வாங்க போலாம்."

ஆனை இப்போதுதான் போயிருக்கிறது என்ற தைரியத்தில், அது போன வழியிலேயே, அதன் பின்னாடியே, ஐந்து பேரும் உற்சாகமாக நடந்தார்கள். சென்னியப்பன் சீட்டிகூட அடித்தான்.

ஒரு பர்லாங் போயிருக்க மாட்டார்கள், குப்பண்ணன் நின்றுவிட்டான்.

"கரடிக்கு முதுகைக் காட்டக் கூடாதுன்னாரே. கரடி நமக்குப் பின்னாடி இருந்தா இப்ப நாம காட்டிக்கிட்டுத்தானே போறோம்?"

எல்லோரும் சட்டென்று திரும்பினார்கள். திரும்பியதும் மறுபக்கம் முதுகு வந்துவிட்டது. மறுபடி திரும்பினார்கள். இப்படியே ஏழெட்டுத் தரம் சுற்றியதில் வேலப்பனுக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது.

"முதுகோட முதுகை ஒட்டிக்குவோம்," என்று தீர்ப்புச் சொன்னார் மாமன். "அப்ப யாரு முதுகும் வெளிய தெரியாது."

மாமனும் குப்பண்ணனும் ஒரு ஜோடி, வேலப்பனும் செல்லானும் ஒரு ஜோடி என்று துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள். மாப்பிள்ளைக்கு ஜோடி இல்லை. அவன் ஜோடி ஊஞ்சக்குட்டையில் அல்லவா இருக்கிறது. சென்னியப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் மாமன்தான் வழி கண்டுபிடித்தார். பித்தளைத் தாம்பாளத்தை அவன் முதுகில் வைத்துக் கட்டினார்.

"கரடி பார்த்தாத் தாம்பாளத்தைப் பார்க்கட்டும். தாம்பாளத்தைக் காட்டக் கூடாதுன்னு கார்டு சொல்லலையே."

அதன் பிறகு நடை கொஞ்சம் மெதுவாகிவிட்டது. மாமன் முன்னால் நடந்தால் குப்பண்ணன் பின்னால் நடக்க வேண்டும். குப்பண்ணன் ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்தான், கூடவே மாமனும் விழுந்தார். மணி பத்து.

அப்படி ஒரு வளைவு திரும்பினால், எதிரே மூங்கில் புதர் ஓரமாக நிற்கிறது ஆனை. ஒத்தைக் கொம்பன். மூங்கிலை ஒடித்து நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. சென்னியப்பன் திரும்பி ஓடிவிடலாம் என்று ஒரு நொடி நினைத்தான், ஓடக் கூடாதே என்று நின்றுவிட்டான். மற்ற நான்கு பேரும் கலங்கவே இல்லை. துண்டை அவிழ்த்துவிட்டு நின்ற இடத்திலேயே கூட்டம் போட்டார்கள்.

"நூறு அடி தள்ளி நிக்கோணும். இது நூறு அடி இருக்குமா?" என்றார் மாமன்.

"எண்பது இருக்கும்," என்றான் குப்பண்ணன்.

"குத்துமதிப்பெல்லாம் ஆவாது. உசிரு விஷயம். வேலப்பா, எடு கயித்தை."

வேலப்பனின் கயிறு கச்சிதமாக நூறு அடி. அடிக்கு ஒரு முடிச்சு. இந்த முனையை அவன் பிடித்துக்கொண்டான்.

"அந்த முனையை ஆனைகிட்ட யாராச்சும் பிடிச்சாத்தானே அளக்க முடியும்?"

"பிடிக்கப் போறவன் நூறு அடி தள்ளி நிக்க வேண்டாமா?" என்று குப்பண்ணன் கேட்டான்.

மாமன் மீசையைத் தடவினார். "அவன் நிக்கப் போறதில்லை, அளக்கப் போறான். சட்டம் நிக்கிறவங்களுக்குத்தான்."

எல்லோருக்கும் தெளிவாகிவிட்டது. செல்லான் கயிற்று முனையோடு ஆனையிடம் போனான். முந்தின நாள்தான் கல்யாணத்துக்கு வாழைத்தார் கட்டியிருந்தார்கள் அந்தக் கயிற்றில். கயிறெல்லாம் பழ வாசம்.

"சாமி, இதைச் சித்தெ பிடிச்சுக்கிறியா? மூர்த்த நேரம் தாண்டிப்போவுது," என்றான் செல்லான்.

ஆனை துதிக்கையை நீட்டி, மோந்து பார்த்து, வாங்கிக்கொண்டது. செல்லான் அலுங்காமல் திரும்பி நடந்து வந்தான்.

"தங்கமான ஆனைங்க மாமா. பிடின்னதும் பிடிச்சுக்கிச்சு. நம்ம ஆடு ஒண்ணு இப்படிச் சொன்ன பேச்சுக் கேக்குமா?"

ஐந்து பேரும் கயிறு விறைக்கும் வரைக்கும் பின்னால் போய், நூறாவது முடிச்சில் நின்றார்கள். இனி ஒரு பயமும் இல்லை. ஆனை போவதுதான் பாக்கி. அது போகவில்லை. பத்தரை ஆனது, பத்தே முக்கால் ஆனது. சென்னியப்பன் மனதுக்குள் ஆனையைக் கெஞ்சினான், திட்டினான், பாவாத்தாள் பெயரைச் சொல்லி ஆணையிட்டான்.

பதினோரு மணிக்குக் காற்று திரும்பியது. ஊஞ்சக்குட்டைப் பந்தலில் குலையோடு கட்டியிருந்த பதினாறு வாழைமரத்தின் வாசத்தையும் சேர்த்துக் கொண்டுவந்தது. ஆனை மூங்கிலைக் கீழே போட்டது. காதை ஒரு தரம் விசிறியது. கயிற்றை விடாமல் ஊஞ்சக்குட்டையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது.

"போவுது, போவுது," என்றார் மாமன். "கயிறு தொய்யக் கூடாது, அறவும் கூடாது. நூறு அடி நூறு அடியாவே இருக்கோணும். நடங்க."

ஆனை நடையென்றால் என்ன லேசா? இவர்களுக்கு மூச்சு வாங்கியது. ஓடினால் சுலபம், ஆனால் ஓடக் கூடாது. குப்பண்ணன் நடுவில் கொஞ்சம் ஓடிவிட்டான் என்று செல்லான் புகார் சொல்ல, ஓடவில்லை, கால் எட்டிப் போட்டேன் என்று அவன் சாதிக்க, அந்த வழக்கை விசாரித்துக்கொண்டே மாமன் கூறைப்புடவை மூட்டையோடு தாவித் தாவி நடந்தார். சென்னியப்பன் முதுகில் தாம்பாளம் டமடமவென்று அடித்துக்கொண்டே வந்தது.

ஊஞ்சக்குட்டையில் அப்போது மணி பதினொன்று ஐம்பது. நஞ்சப்பன் அக்கா மகனைக் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில் பந்தலுக்குள் ஆனை வந்தது.

அப்புறம் கேட்க வேண்டுமா. இலை போட வந்தவர்கள் இலையோடு ஓடினார்கள். நாதசுரக்காரர் வாசித்த இடத்தை விட்டு ஓடியும் வாசிப்பை நிறுத்தவில்லை, பயத்தில் ஊதிக்கொண்டே ஓடினார். அக்கா மகன் பட்டு வேட்டியைப் பந்தக்காலில் விட்டுவிட்டு அரைக்கால் டவுசரோடு வேலி தாண்டிப் போனான். அவனை அன்றைக்குப் பிறகு சந்தையில்தான் பார்த்ததாகச் சொல்கிறார்கள். ஆனை யாரையும் சட்டை பண்ணவில்லை. கயிற்றைக் கீழே போட்டது, வாழைமரம் பதினாறையும் குலையோடு பிடுங்கித் தின்றது, குட்டையில் இறங்கித் தண்ணீர் குடித்தது, அக்கரையில் ஏறிக் காட்டுக்குள் போய்விட்டது.

பந்தலில் ஓடாமல் நின்ற ஆண்பிள்ளைகள் ஐந்து பேர்தான்.

"ஓடக் கூடாதுன்னு இங்க யாருக்குமே தெரியலையே," என்று மாமன் வருத்தப்பட்டார்.

வீட்டுக்குள்ளிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த பாவாத்தாளுக்கு உடம்பு புல்லரித்துப் போனது. ஆனையையே கயிறு கட்டி ஓட்டி வருகிற மாப்பிள்ளை யாருக்குக் கிடைப்பான்? அவளே வந்து மணவறையில் உட்கார்ந்தாள். பன்னிரண்டு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது சென்னியப்பன் தாலி கட்டினான். கட்டும்போது அவன் கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. நஞ்சப்பனும் மரத்திலிருந்து இறங்கி வந்து அட்சதை போட்டார்.

சாப்பாடு முடிந்தது. ஆரத்தி கரைக்க வேண்டும் என்று பெண்டு பிள்ளைகள் வேனில் முன்னாடியே கிளம்பிவிட்டார்கள். ஐந்து பேரும் நடக்கத் தயாரானபோது, ஆனை ஊருக்குள் வந்த சேதி கேட்டு பைக்கில் பறந்து வந்த கார்டு சடையப்பன் வாசலில் நின்றார். நடந்ததைக் கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"உங்களுக்கு நான் இனி ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனை அக்கரைக்குப் போயிருச்சு, வழி சுத்தமா இருக்குது. எப்படி வந்தீங்களோ அப்படியே பத்திரமா ஊடு போய்ச் சேருங்க."

பைக் கிளம்பிப் போனதும் மாமன் முகம் வாடிவிட்டது.

"எப்படி வந்தமோ அப்படியேன்னுட்டாரே. நாம வந்தது அஞ்சு பேரு. இப்பப் பொண்ணோட ஆறு பேரா இருக்கோம்."

சென்னியப்பன் மாமனையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தான். எட்டு இடம் அலைந்து, ஆனைக்குப் பின்னால் நடந்து கட்டிய பெண்டாட்டியை விட்டுவிட்டா போவது?

மூட்டையோடு நின்றிருந்த பாவாத்தாள் பார்த்தாள். புத்திசாலிப் பெண். "அஞ்சு பேராத்தானே போவோணும்? உங்கள்ல ஒருத்தரு இங்க ரெண்டு நாள் தங்கிக்குங்க. அஞ்சாவது ஆளா நான் வர்றேன்," என்றாள்.

"அதானே," என்றார் மாமன். "யாரு தங்கறது? நான் தீர்ப்புச் சொல்றவன், வழியில எதாச்சும் வழக்கு வந்தா நான் வேணும்."

"கயிறு என்னோடது," என்றான் வேலப்பன்.

"ஆனைக்கு என்ற மொகந்தான் பழக்கம்," என்றான் செல்லான்.

"எனக்குப் பால் கறக்க நேரமாவுது," என்றான் குப்பண்ணன்.

நான்கு பேரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள்.

"உனக்கு என்ன மாப்ளே ஊர்ல வேலை?"

சென்னியப்பன் நேர்மையானவன். நன்றாக யோசித்துப் பார்த்தான். "இன்னிக்கு எனக்குக் கல்யாணம் பண்றதுதானுங்க மாமா வேலை. அது முடிஞ்சுபோச்சு."

"அப்ப நீ இரு."

பாவாத்தாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நல்ல நேரம் போகிறதென்று நான்கு பேரும் அவளை நடுவில் விட்டு நடத்திக்கொண்டு போய்விட்டார்கள். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். தன் மேல் அவளுக்கு எவ்வளவு ஆசை என்று சென்னியப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. தலை மறைகிற வரைக்கும் கையை ஆட்டினான்.

நஞ்சப்பன் மெல்லப் பக்கத்தில் வந்தார். "மாப்ளே, நீங்க எப்பப் போவீங்க?"

"நாளான்னிக்கு அவங்க நாலு பேரும் என்னைக் கூட்டிட்டுப் போவ வருவாங்க மாமா."

நஞ்சப்பன் தலையைச் சொறிந்தார். காலையிலிருந்து பட்டதில் அவருக்கும் ஏதோ ஆகிவிட்டது போல. "வர்றது நாலு பேருன்னா, திரும்பிப் போறதும் நாலு பேராத்தானே போவோணும்?"

சென்னியப்பன் தலைப்பாகையை அவிழ்த்து மாமனார் வீட்டு ஆணியில் மாட்டினான்.

"அதுவுஞ் சரிதானுங்க. ஒரு பாய் இருந்தாக் குடுங்க."