மட்டி தன் குஞ்சுகளைத் தண்ணீரில் விட்ட கதை

நாம் குழம்பு வைத்துத் தின்கிற மட்டிச் சிப்பிக்கு அந்தக் காலத்தில் பேச்சு உண்டு, குடும்பமும் உண்டு. தாய் மட்டி தன் குஞ்சுகளை ஓட்டுக்குள்ளேயே வைத்து வளர்க்கும். தகப்பன் பக்கத்துச் சேற்றில் புதைந்துகொண்டு ஓயாமல் கதை அளக்கும். எப்பேர்ப்பட்ட நாட்கள் அவை! கழிமுகம் முழுக்கக் குஞ்சுகளின் சத்தந்தான். இனி எங்கே வரப்போகிறது.

அங்கே வெள்ளச்சி என்றொரு மட்டி. புருஷன் பெயர் கருவல். நண்டின் நிழல் விழுந்தால் போதும், வெள்ளச்சி ஓட்டை இறுக்கி மூடிவிடுவாள். மட்டிச் சாதிக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதானே.

ஒரு வருஷம் மழை இல்லை. கழிமுகத்து வாயை மணல் அடைத்துக்கொண்டது. தண்ணீர் சுண்டிச் சூடேறியது. பயந்துபோன வெள்ளச்சி குஞ்சுகளை உள்ளே வைத்து வழக்கம்போல மூடிக்கொண்டாள்.

நாலாம் நாள் மழை கொட்டியது. மணல் உடைந்து, ஆற்றுத் தண்ணீர் கடலுக்கு ஓடியது.

"தொறடி வெள்ளச்சி. உள்ள குஞ்சுங்க மூச்சு முட்டிச் செத்துரும். தண்ணியோட விட்டுரு" என்றான் கருவல்.

"உங்களுக்கென்ன, சொல்லிட்டீங்க. நாளைக்கு எதிர்ல வந்தாக்கூட நம்ம புள்ளைன்னு எனக்குத் தெரியுமா?"

"தெரியாட்டிப் போகுது. உசுரோட இருக்கட்டும்."

வெள்ளச்சி உள்ளே காது கொடுத்தாள். அத்தனை சத்தம் போட்ட குஞ்சுகளில் ஏழெட்டுதான் முனகின. படக்கென்று திறந்துவிட்டாள். பிழைத்தவை வெள்ளத்தோடு போயின. அதைப் பார்த்து மற்றத் தாய்களும் ஒவ்வொருத்தியாகத் திறந்தார்கள். கழிமுகமே அழுதது.

மாதம் ஒன்று கழிந்தது. கடுகளவு குஞ்சு ஒன்று கடலிலிருந்து மிதந்து வந்து வெள்ளச்சி பக்கத்தில் இறங்கியது.

"யாரு வீட்டுப் புள்ளை நீ?"

"தெரியலையே."

வெள்ளச்சி நகர்ந்து இடம் விட்டாள். "சரி, இப்படி ஒட்டி உக்காரு."

அதற்கப்புறம் எந்த மட்டியும் ஓட்டுக்குள் பிள்ளை வளர்க்கவில்லை. புதுத்தண்ணீர் கலந்ததும் ஆண் தன் விந்தையும் பெண் தன் முட்டையையும் ஆற்றோட்டத்தில் விட்டுவிடும். ஒன்று விட்டால் எல்லாம் விடும். எங்கோ கலந்து, எங்கோ மிதந்து வரும் குஞ்சுக்கு, 'யார் பிள்ளை' என்று கேட்காமல் மட்டிகள் சேற்றில் நெருங்கி இடம் கொடுப்பது அன்றைக்கு வந்த பழக்கந்தான்.