பொன் யானைச் சீட்டு

மழைக்காட்டில் முள்ளன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. பாறை உருண்டு விழுந்ததில் அதன் கால் ஒடிந்துவிட்டது. வளையை விட்டு வெளியே வர முடியாது. மழையும் விட்டபாடில்லை.

ஆனாலும் முள்ளனுக்குப் பொழுது போனது. அதன் செல்போனில் ‘வனப்போர்’ என்ற சீட்டு விளையாட்டு இருந்தது. ஆற்றுக்கு அக்கரையில் வசித்த கயலி என்ற நீர்நாய் தினமும் அதனோடு ஆடும்.

முன்பு இரண்டும் இலைச் சீட்டுதான் ஆடின. இலைச் சீட்டு மழையில் நனைந்தால் கூழாகிவிடும். காற்றடித்தால் பறந்துவிடும். செல்போன் சீட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

“ஆறு கரைபுரண்டு ஓடுகிறது. ஆனாலும் நீ பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது, கயலி!” என்று முள்ளன் பூரித்துப்போகும்.

ஒரே ஒரு குறைதான். ஜெயித்தால் புதிய சீட்டுகள் அடங்கிய உறை கிடைக்கும். உள்ளே என்ன இருக்கும் என்பது அதிர்ஷ்டம்.

“மறுபடியும் வெறும் முயல் சீட்டா! என்ன கொடுமை இது!” என்று முள்ளன் புலம்பும்.

ஒருநாள் அந்தப் புலம்பல் வெளியே மரத்தில் ஒதுங்கியிருந்த சிங்காரம் என்ற மயிலின் காதில் விழுந்தது.

“என்னிடம் பொன் யானைச் சீட்டே இருக்கிறது! அதைப் பார்த்தாலே எதிராளி நடுங்கிப்போவான்!” என்றது மயில்.

“எனக்கு மட்டும் வரமாட்டேன் என்கிறதே!”

“வராவிட்டால் நீயே செய்துகொள்! சில்லறைச் சீட்டுகளை எல்லாம் உருக்கிவிடு. உருக்கினால் விளையாட்டில் பொன் துகள் கிடைக்கும். அதைக் கொடுத்துப் பொன் யானையை வாங்கிவிடலாம்!”

முள்ளனுக்கு ஆசை பற்றிக்கொண்டது. கயலியோடு ஆடிச் சேர்த்த சீட்டுகளை ஒன்று விடாமல் உருக்கியது. திரையில் பொன் யானை தகதகவென்று வந்து நின்று பிளிறியது. முள்ளன் வலியை மறந்து கூத்தாடியது.

உடனே முன்பின் தெரியாத ஒரு குரங்கோடு ஆட உட்கார்ந்தது. பொன் யானை களத்தில் இறங்க நெடுநேரம் ஆகும். அதுவரை காவல் காக்க நல்ல சிறிய சீட்டுகள் வேண்டும். முள்ளனிடமோ விளையாட்டில் சேர்ந்தபோது இலவசமாகக் கிடைத்த சொத்தைச் சீட்டுகள்தான் மிச்சம். யானை இறங்குவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. அடுத்த ஆட்டத்திலும் அதே கதிதான். உருக்கியதைத் திரும்பப் பெறவும் வழியில்லை.

‘இனி என்னோடு ஆட யாருக்குப் பிடிக்கும்?’ என்று முள்ளன் குன்றிப்போனது. கயலி அழைத்தபோது போனை எடுக்கவில்லை. ஆனால் கயலி விடவில்லை. அழைத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் முள்ளன் எடுத்தது.

“கால்வலி முற்றிவிட்டதோ என்று பயந்தே போனேன்! ஏன் பேசவில்லை?” என்றது கயலி.

முள்ளன் விம்மியபடி நடந்ததைச் சொன்னது.

“இலைச் சீட்டாக இருந்தால் என்னுடையதில் பாதியை உன்னிடம் கொடுத்திருப்பேன். இந்த விளையாட்டில் சீட்டைக் கொடுக்கவே முடியாது. எனக்கு எரிச்சலே அதுதான்!” என்றது கயலி.

“பரவாயில்லை, கயலி. நீ வேறு யாரோடாவது ஆடு.”

“வேறு யாரோடாவது ஆடவா தினமும் உனக்காகக் காத்திருக்கிறேன்? உன்னிடம் இலவசச் சீட்டுகள் இருக்கின்றன அல்லவா?”

“அதெல்லாம் வெறும் எறும்பும் தவளையும்! உன்னிடம் வேங்கைப்புலி இருக்கிறதே!”

“புலி தூங்கட்டும்! நானும் எறும்பையும் தவளையையும் வைத்தே ஆடுகிறேன். உன் யானையையும் எடுத்து ஓரமாக வை!”

ஆட்டம் தொடங்கியது. எறும்பு எறும்போடு மோதியது. தவளை தவளை மேல் பாய்ந்தது. யார் கை ஓங்கும் என்று கடைசிச் சீட்டு வரை தெரியவில்லை. முடிவில் ஒற்றை எறும்பை வைத்து முள்ளன் ஜெயித்தது! அக்கரையில் கயலி வாய்விட்டுச் சிரித்தது. முள்ளனும் முள் சிலிர்க்கச் சிரித்தது.

“கயலி, உனக்கு எப்படி நன்றி சொல்வேன்!” என்றது முள்ளன்.

“நாளைக்குக் கூப்பிட்டால் போனை எடு, அது போதும்!” என்றது கயலி.

கையில் இருக்கும் சீட்டு எவ்வளவு உயர்ந்ததானாலும், நம்மோடு ஆட வேண்டும் என்று தேடி வரும் நட்புக்கு அது ஈடாகாது.