தராசு சொன்ன விமர்சனம்

காகிதம் வராத காலம். பனையோலையில் எழுத்தாணியால் கீறித்தான் எதையும் எழுதினார்கள். அப்போது மகுடவர்மன் என்றொரு ராஜா இருந்தான். அவனுக்குத் திடீரென்று ஓர் ஆசை: ஊரே விழுந்து விழுந்து சிரிக்கும்படி ஒரு காவியம் பாட வேண்டும்! பாடினான். ஆயிரம் பாட்டு. மூன்று நாள் சபையில் வாசித்தான். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. முடிந்ததும் மட்டும், "ஆஹா, அற்புதம்!" என்றார்கள்.

ராஜாவுக்குச் சந்தேகம் தட்டியது. அரசவைப் புலவர் சொக்கநாவலர் எழுந்தார். சபையின் விகடன் கொழுந்தப்பன்மேல் அவருக்கு நெடுநாள் பொறாமை.

"மன்னர் மன்னா! நகைச்சுவையை எடைபோடத் தகுந்தவன் கொழுந்தப்பன் ஒருவனே."

"நன்று! கொழுந்தப்பா, நாளைக் காலை என் காவியத்தை எடைபோட்டுச் சொல். பொய்யாகப் புகழ்ந்தால் நாடு கடத்துவேன். பழித்தாலும் நாடு கடத்துவேன்!"

கொழுந்தப்பன் யோசித்தபடி வீட்டுக்குக் கிளம்பினான். நன்றாயிருக்கிறது என்றால் பொய்; இல்லையென்றால் பழி. வழியெல்லாம் ராஜாவின் வார்த்தையையே முணுமுணுத்தபடி நடந்தான். எடைபோட்டுச் சொல்... எடைபோட்டு... சட்டென்று நின்றான். மறுகணம் தட்டார் தெருவைப் பார்த்து ஒரே ஓட்டம்!

மறுநாள் பொன் நிறுக்கும் தராசோடு சபைக்கு வந்தான்.

"என்ன இது?" என்றான் ராஜா.

"நீங்கதானே எடைபோடச் சொன்னீங்க, மகாராஜா!"

ஒரு தட்டில் காவியத்தின் முதல் ஓலையை வைத்தான். மறு தட்டில் அதே அளவுக்கு நறுக்கிய வெற்றோலை. காவியத் தட்டு மெல்ல மேலே எழுந்தது. சபையே எட்டிப் பார்த்தது.

"எழுத்தாணி கீறினதுல ஓலை கொஞ்சம் உதிர்ந்திருக்கு. சிரிப்புப் பாட்டு கனக்கக் கூடாது, லேசா இருக்கணும். இது ரொம்ப லேசு, மகாராஜா!"

நாவலர் துள்ளி எழுந்தார். "மன்னா, சூழ்ச்சி! தங்கள் காவியத்தைவிட வெற்றோலையே மேல் என்கிறான்!"

"நல்லாக் கண்ணத் திறந்து பாருங்க, புலவரே. மகாராஜா ஓலைதானே மேல இருக்கு!"

ராஜா தராசைப் பார்த்தான். புலவரின் முகத்தைப் பார்த்தான். உதடு துடித்தது. பிறகு கிரீடம் சரியும்படி சிரித்தான், பாருங்கள்! சபையே சேர்ந்து குலுங்கியது.

"என் ஆயிரம் பாட்டுக்கும் வராத சிரிப்பு!" கண்ணைத் துடைத்தபடி ராஜா தன் பட்டுச் சால்வையைக் கொழுந்தப்பனுக்குப் போர்த்தினான். "இன்னொரு பரிசும் உண்டு. காவியத்தின் இரண்டாம் பாகம் தயார். அதை நீ கேட்க வேண்டியதில்லை. வீட்டுக்குப் போ!"

கொழுந்தப்பன் கும்பிட்டுவிட்டுப் பாய்ந்தான். நாவலரும் மெல்ல நகர்ந்தார்.

"நீர் எங்கே போகிறீர்? அமரும்!" என்று ஓலைக்கட்டை அவிழ்த்தான் ராஜா.