ஐந்தாவது ஆள்

முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் விசில் ஊதிய கண்டக்டர் நல்லசிவம், ஓய்வு பெற்ற கையோடு பியூலா டீச்சரின் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தார். டீச்சருக்கு அவர் மகள் வயதுகூட இருக்காது. ஆனாலும் குரு குருதான் என்று செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வருவார்.

அன்று வகுப்பு நடுவே அவருடைய போன் அடித்தது. பேசுவது ஊருக்கே கேட்கிற போன் அது. மகள் செண்பகவல்லி.

“யப்பா, ஒங்க மாப்பிள்ளை இன்னைக்கும் கை நீட்டிட்டாவ. உதடு கிழிஞ்சிட்டு. நான் கெளம்பி வந்துரட்டா?”

“கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிடு தாயி. நான் வகுப்புல இருக்கேன்.”

வைத்துவிட்டார். வகுப்பே அவரைத் திரும்பிப் பார்த்தது. அவருக்கு மட்டும் ஒன்றும் உறைக்கவில்லை.

“டீச்சர், ஒரு சந்தேகம். தினம் நூறு தடவை சொல்லுதேன். இந்த அட்ஜஸ்ட்டுக்குச் சரியான அர்த்தம் என்ன?”

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

“பஸ்ல எப்பச் சொல்லுவிய அண்ணாச்சி?”

“மூணு பேர் சீட்டுல நாலாவது ஆளை உக்கார வைக்க. வண்டி பாதி வழியில நின்னா. வீட்ல சோத்துல உப்பு கொறஞ்சாலும் அதான். எல்லாத்துக்கும் கேக்கிற மருந்துல்லா டீச்சர்.”

நாலு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெஞ்சை டீச்சர் காட்டினார்.

“அதுல போய் உக்காருங்க.”

நால்வரும் நகர்ந்தார்கள். நகர்ந்ததாகக் காட்டிக்கொண்டார்கள் என்பதுதான் சரி. ஓரத்தில் நாலு விரல் இடம் கிடைத்தது. நல்லசிவம் அதில் ஒட்டிக்கொண்டார். டீச்சர் போர்டுப் பக்கம் திரும்பிப் பாடத்தைத் தொடர்ந்தார்.

பார்க்கிறவர்களுக்கு அந்தப் பெஞ்சில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நல்லசிவத்துக்குத்தான் தெரியும், தான் பெஞ்சில் இல்லை, தன் முழங்காலில் இருக்கிறோம் என்று. தொடை வெடவெடத்தது. முதுகு நனைந்தது. பக்கத்து ஆள் சாவகாசமாக எழுதிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அந்த ஓரத்தில் அவர் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. கண்டக்டருக்குத் தனி சீட் உண்டே.

கால் மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

“டீச்சர், முடியல. எந்திரிச்சிரட்டா?”

பியூலா டீச்சர் திரும்பினார். அவர் கண் கலங்கியிருந்தது.

“கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுங்க அண்ணாச்சி.”

நல்லசிவத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. வந்துரட்டா என்று மகள் கேட்டது அப்போதுதான் அவர் காதில் விழுந்தது.