முகப்பில் கட்டிய படம்

ஒர்க்‌ஷாப் கூரைக்கு அடியில் காரை நிறுத்திவிட்டு, இறங்கத் தெம்பில்லாமல் ராமுத்தாய் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சாத்தூர் வெயில் தகரத்தில் விழுந்து தலைக்குள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

"என்னக்கா, இன்னைக்கும் சவாரி பாதியில இறங்கிடுச்சா?" என்றான் அருள்மணி.

அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவன். ஆனாலும் ஏசி வேலையை அவனிடம்தான் அவள் கற்றுக்கொள்கிறாள். அதனால் மாஸ்டர் என்றே கூப்பிடுவாள். காலையில் டாக்சி ஓட்டுவது, மதியத்துக்கு மேல் இங்கே வேலை. ஒரு வருஷமாக இதுதான் பிழைப்பு.

"கைப்பிள்ளைக்காரி, மாஸ்டர். பிள்ளை வேர்த்து வீறிட்டு அழுதுச்சு. இது காரா, செங்கல் சூளையான்னு கேட்டுட்டு பஸ் ஏறிப் போயிட்டா. ஸ்டாண்டுல இனிமே எனக்கு சவாரி தர மாட்டாங்களாம். வண்டியை வித்துருன்னு சொல்றாங்க."

"வித்துருங்களேன்."

"அவரு வண்டி."

அவள் புருஷன் சங்கிலிமுத்து செத்துப்போன அன்று, ஸ்டாண்டுக்காரர்கள் கண்ணீர் அஞ்சலி என்று எழுதி, அவர் படம் போட்ட பிளக்ஸை அவர் காரின் முகப்பிலேயே கட்டினார்கள். காரியம் முடிந்தும் அது அங்கேயே இருந்தது. ஒருமுறை காற்றில் கயிறு அறுந்தபோது, ராமுத்தாய்தான் கட்டுக்கம்பி போட்டு முறுக்கி இறுக்கினாள்.

"ஏசியில என்னென்ன பார்த்தீங்க?" என்றான் அருள்மணி.

"கேஸ் சரியா இருக்கு. கம்ப்ரசர் ஓடுது. பில்டரைக் கழுவி மாட்டியாச்சு. எதுலயும் குறை இல்ல. பின்ன ஏன் குளிர மாட்டேங்குது? எனக்கு இந்த வேலை வராது போல, மாஸ்டர்."

"ஏசியைப் போடுங்க."

போட்டாள். முகத்தில் வெந்நீர் ஆவி மாதிரி காற்று அடித்தது. அருள்மணி ஒரு குவளையில் தண்ணீர் மொண்டு வந்தான். பிளக்ஸின் ஓரத்தை மெல்லத் தூக்கி, உள்ளே ஊற்றினான்.

கொஞ்ச நேரத்தில் காற்று சில்லென்று மாறியது. ராமுத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள். அப்படியே தூங்கிவிடலாம் போலிருந்தது. அதற்குள் மறுபடியும் சூடு வந்துவிட்டது.

"முதல் நாள் என்ன சொல்லிக் கொடுத்தேன்?"

ராமுத்தாய் அலுப்போடு ஒப்பித்தாள். "ஏசிக்கு குளிரை உண்டாக்கத் தெரியாது. உள்ளே இருக்கிற சூட்டை எடுத்துட்டுப் போய் வெளியே கொட்டத்தான் தெரியும்."

"எங்கே கொட்டும்?"

"முன்னாடி. முகப்புச் சல்லடைக்குப் பின்னால இருக்கிற கண்டென்சர்ல. காத்து பட்டு ஆறிடும்."

"வேற ஆளு வண்டியா இருந்தா எதை முதல்ல பார்த்திருப்பீங்க?"

போன வாரம்தான் ஒரு கட்சிக்காரர் வண்டி வந்தது. 'முகத்தை இப்படி மூடினா மூச்சு எப்படி விடும்? அறிவு வேணாம்?' என்று டிரைவரை வைதுவிட்டு, முகப்பில் கட்டியிருந்த கொடித்துணியைத் தன் கையாலேயே அவிழ்த்துப் போட்டவள் அவள்.

இறங்கி வந்து காரின் முன்னால் நின்றாள். வெயிலில் படம் வெளுத்துப்போயிருந்தது. மீசை மட்டும் கறுப்பாக இருந்தது. உள்ளே சுற்றிய பேன் பிளக்ஸை இழுத்துச் சல்லடையோடு ஒட்டவைத்திருந்தது. ஊற்றிய தண்ணீர் அதன் அடியிலிருந்து சொட்டியது.

"அப்போ இத்தனை நாளும் அவருதான் வழியை மறிச்சுக்கிட்டு நிக்கிறாரா, மாஸ்டர்?"

அருள்மணி கட்டிங் பிளேயரை எடுத்து, அவள் கைக்கு எட்டும்படி பானெட் மேல் வைத்தான்.

"அவரு நிக்கலக்கா. நீங்கதான் கட்டி வச்சிருக்கீங்க."