முள்ளில் நடந்த பிராணி

கடல் அருங்காட்சியகத்தில், ஆதிகால உயிரினங்களைக் குழந்தைகளுக்குக் காட்டப் புதிய கூடம் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. பேராசிரியர் தணிகாசலத்திடம் உருவம் செய்யப் பழகுகிறவர்கள் இரண்டு பேர். கோதண்டம் வந்து பதினோரு வருடம். பௌசியா வந்து ஒன்பது மாதம். திறப்பு விழாவில் குழந்தைகளிடம் பௌசியாதான் பேசுவாள் என்று பேராசிரியர் சொன்னதிலிருந்து கோதண்டத்துக்குச் சோறு இறங்கவில்லை. அவள் சிரித்தால்கூடத் தன்னைப் பார்த்துத்தான் என்று பட்டது.

விழாவுக்கு முதல் நாள் காலை, அவள் செய்த களிமண் உருவத்தைத் தட்டோடு தூக்கிக்கொண்டு ஆசிரியரிடம் வந்தான்.

ஹலூசிஜீனியா. ஐம்பது கோடி வருடத்துக்கு முந்தியது. நிஜத்தில் சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். பார்த்தவர்களுக்குத் தலை சுற்றியதால், பிரமை என்ற பொருளிலேயே பெயர் வைத்துவிட்டார்கள்.

“பாருங்கய்யா, உங்க செல்லப் பிள்ளையோட லட்சணத்தை. முதுகு முள்ளைக் காலாக்கி நிறுத்தியிருக்கா. கால் எல்லாம் மேல ஆடுது!”

ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “அட, ஆமாம்.”

“இவளா நாளைக்குப் பிள்ளைங்ககிட்ட பேசப்போறா?”

“இதுக்குப் பேர் வைச்சவரே இப்படித்தான் நிறுத்தினார். பெரிய அறிஞர். பதினாலு வருஷம் இது முள்ளு மேலேயே நடந்தது.”

“அப்புறம்?”

“சீனாவில இதே வகைப் பிராணி பதிஞ்ச வேற கல்லு கிடைச்சுது. அதுல கால் ஜோடி ஜோடியா இருந்தது. இதைத் திருப்பிப் போட்டாங்க. அப்பவும் வால் பக்கம்தான் முகத்தைத் தேடினாங்க, அது வேற கதை.”

கோதண்டம் சிரிப்பை அடக்கிக்கொண்டான். “அந்த அறிஞரை யாரும் கேக்கலையா?”

“கேட்டாங்க. தப்புதான்னு ஒத்துக்கிட்டார்.”

“இவ ஒத்துக்குவாளா? பத்து நாளா என் கண்ணு முன்னாலதான் ஒவ்வொரு முள்ளா ஊன்றி நிறுத்தினா. ஒரு வார்த்தை கேட்டாளா என்னை?”

ஆசிரியர் தட்டை வாங்கி மேசைமேல் வைத்தார்.

“பத்து நாளாவா?”

கோதண்டம் தட்டைத் திரும்ப எடுக்கக் கை நீட்டினான். பக்கத்து அறையிலிருந்து பௌசியாவின் குரல் கேட்டது.

“அண்ணே, என் தட்டைப் பார்த்தீங்களா? வர்ணம் பூசணும்.”

“அந்த அறிஞருக்குத் தெரியாது, அதனால பதினாலு வருஷம் ஆச்சு” என்றார் ஆசிரியர். “உனக்கு ஏன் பத்து நாள் ஆச்சு?”