குற்றாலிங்கம் பிரிண்டர் தேடிய கதை

தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஆவுடையம்மையின் மடம். பஸ் அதற்கு மேல் போகாது. மடத்து வாசலில் வந்து திரும்பி நிற்கும். டிரைவரும் கண்டக்டரும் குழாயில் முகம் கழுவி, மடத்து அடுக்களையில் ஆளுக்கொரு சுக்குக் காப்பி வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள்.

அந்த மடத்தில் குற்றாலிங்கம் என்று ஒரு சீடர் இருந்தார். சீடர் என்றதும் இளவட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். அறுபதைத் தாண்டியவர். சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவுக்கே அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று, வீட்டைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு வந்தவர். குரு ஆவுடையம்மை அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவர். இவர் அவரை ‘அம்மா’ என்பார். அவர் இவரை ‘அண்ணாச்சி’ என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு யார் குரு, யார் சீடர் என்று கொஞ்ச நேரம் குழம்பும்.

அன்று விடியற்காலையில் குற்றாலிங்கம் ஒரு முடிவோடு எழுந்து கிணற்றடிக்குப் போனார்.

“அம்மா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க அண்ணாச்சி.”

“நான் வந்து எத்தனை வருஷம் ஆச்சு. தினம் தவறாம உட்காருறேன். போன வாரம் பூரா வாயைத் திறக்காம மௌனம் இருந்தேன். கடவுள் அகப்படவே மாட்டேங்கிறார். இருக்காரா, இல்லையா? அதையாவது சொல்லிடுங்க.”

“எங்கன தேடுதிய?”

“என் அறையிலதான். கதவைச் சாத்திக்கிட்டு.”

“சரி” என்றார் அம்மை. வாளியைத் தூக்கிக்கொண்டு தோப்புக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

குற்றாலிங்கத்துக்குச் சுருக்கென்றது. ஒரு மனுஷன் கடவுளைக் கேட்கிறான்; இந்த அம்மாவுக்குத் தென்னங்கன்று பெரிதாகப் போய்விட்டது. அந்தக் கடுப்போடுதான் அவர் மடத்து ஆபீஸ் அறைக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தார்.

காலைப் பலகாரம் முடிந்த நேரத்தில் ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் போன், தோளில் துணிப்பை.

“வணக்கம் ஐயா. என் பேரு...”

“பேரெல்லாம் இருக்கட்டும்மா. என்ன விஷயம், அதைச் சொல்லு.”

அவள் சொன்னாள். தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாளாம். இன்று மத்தியானம் இரண்டு மணிக்கு நேர்காணல். அழைப்புக் கடிதம் நேற்று இருட்டிய பிறகுதான் போனில் வந்ததாம். அதைத் தாளில் அச்செடுத்துக்கொண்டு வந்தால்தான் உள்ளே விடுவோம் என்று கடிதத்திலேயே போட்டிருக்கிறதாம்.

“கடையில எடுக்க வேண்டியதுதானே?”

“இன்னைக்குப் பூரா கரண்டு இல்லைய்யா. கம்பி வேலைன்னு தென்காசி வரைக்கும் நிறுத்திட்டாவ. ஜெராக்ஸ் கடையெல்லாம் பூட்டிக் கெடக்கு. மடத்துல சோலார் இருக்குன்னாவ, அதான் ஓடி வந்தேன்.” கொஞ்சம் தயங்கினாள். “எங்க வீட்டுக்காரர் தவறினதுலேருந்து காட்டு வேலைக்குத்தான் போறேன். பிள்ளையள எங்க அம்மாகிட்ட விட்டிருக்கேன், சங்கரன்கோயில்ல. இந்த வேலை கெடைச்சா என்கூடயே கூட்டி வச்சுக்கிடலாம்.”

குற்றாலிங்கத்துக்கு மனசு இளகிவிட்டது. கெட்டவர் இல்லை அவர். சட்டென்று சூடாவார், அவ்வளவுதான்.

“இதுக்கா இப்படி மூச்சு வாங்க வந்தே? உட்காரு. ரெண்டு நிமிஷம்.”

அந்த ரெண்டு நிமிஷத்தை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

மடத்தில் வைஃபை இரண்டு. மடத்துக்காரர்களுக்கு ‘சாந்தி’ என்று ஒன்று. வந்து போகிறவர்களுக்கு ‘வரவேற்பு’ என்று ஒன்று. வருகிறவர்கள் போனில் படம் பார்த்து வேகத்தைக் குறைத்துவிடுகிறார்கள் என்று, குற்றாலிங்கம்தான் தனித்தனிப் பெட்டி வாங்கி மாட்டியிருந்தார். வரவேற்பின் பாஸ்வேர்டு வாசல் சுவரில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதி ஒட்டியிருக்கும். சாந்தியின் பாஸ்வேர்டு அவர் தலைக்குள் மட்டும் இருக்கும்.

அந்தப் பெண் சுவரைப் பார்த்து வரவேற்பில் சேர்ந்து, கடிதத்தை அவருக்கு மெயிலில் அனுப்பினாள். அவர் திறந்தார். ஒரே பக்கம். ஏ4 அளவு. எழுத்து தெளிவாகத்தான் இருந்தது. அச்சிடு என்பதை அமுக்கினார்.

‘பிரிண்டர் கிடைக்கவில்லை’ என்றது லேப்டாப்.

பிரிண்டர் அதே மேசையில், கை எட்டுகிற தூரத்தில், நீல விளக்கு எரிய உட்கார்ந்திருந்தது.

“இதோ இருக்கே” என்றார் குற்றாலிங்கம், லேப்டாப்பைப் பார்த்து.

மறுபடி அமுக்கினார். கிடைக்கவில்லை. பிரிண்டரை அணைத்துப் போட்டார். கிடைக்கவில்லை. பட்டியலிலிருந்து அதன் பேரையே எடுத்துவிட்டு, புதிதாகத் தேடச் சொன்னார். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. முழுதாகச் சுற்றி முடித்துவிட்டு, எதுவும் கிடைக்கவில்லை என்றது.

“ஐயா, என் போன்ல ஒரு...”

“கொஞ்சம் பொறும்மா.”

பிரிண்டரில் இருக்கிற பொத்தானை அமுக்கிச் சோதனைத் தாள் ஒன்று எடுத்தார். கலர் கலராக, பளிச்சென்று வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு இன்னும் எரிச்சல் வந்தது. மிஷினில் குறையில்லை. லேப்டாப்பிலும் குறையில்லை. ஒன்றை ஒன்று கண்டுகொள்ள மாட்டேன் என்கிறது. என்ன பகை இதுகளுக்குள்?

சாந்திப் பெட்டியை அணைத்துப் போட்டார். அது உயிர் பெற்று வருவதற்குள் லேப்டாப்பையும் அணைத்துப் போடுவோம் என்று நினைத்தார். அதுதான் தப்பாகப் போயிற்று. இத்தனை நாளும் எங்கே கிடந்ததோ, ஒரு அப்டேட் வந்து ஏறிக்கொண்டது. ‘கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம்’ என்று எழுதிக் காட்டிவிட்டு, மாப்பிள்ளை முறுக்கோடு அது பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டது.

“வேணாம்... இப்போ வேணாம்” என்று குற்றாலிங்கம் கெஞ்சினார். வாழ்நாளில் எந்த மேலதிகாரியிடமும் அவர் அப்படிக் கெஞ்சியதில்லை.

“ஐயா, நான் இதை அமுக்கினா...”

“எதையும் அமுக்காதேம்மா. இருக்கிற தலைவலி போதும். நான் இதுலயே பழுத்தவன், எனக்கே இந்த ஆட்டம் காட்டுது.”

அவள் போனை மடியில் வைத்துக்கொண்டாள்.

வயர் இருந்தால் சொருகிவிடலாம். மேசை இழுப்பறையைக் கொட்டினார். அலமாரியைக் கவிழ்த்தார். இல்லை. எப்படி இருக்கும்? இனி மடத்தில் வயரே கண்ணில் படக்கூடாது என்று மூட்டை கட்டிப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டது அவரேதான்.

சத்தம் கேட்டு அடுக்களையிலிருந்து சமையல்கார அம்மா எட்டிப் பார்த்தாள். “தோப்புல போயி அம்மாவக் கூட்டிட்டு வரட்டுமாய்யா?”

“அம்மாவுக்கு இதுல என்ன தெரியும்? நீங்க போய்க் கொழம்பைப் பாருங்க.”

அப்டேட் ஒருவழியாக முடிந்தது. லேப்டாப் விழித்தது. மறுபடி தேடச் சொன்னார். மறுபடி வட்டம். கண்ணிமைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் பூசிய திருநீறு வியர்வையில் கரைந்து புருவத்துக்கு வந்துவிட்டது.

கீழே வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. இதை விட்டால் அடுத்த பஸ் மாலையில்தான்.

அந்தப் பெண் எழுந்தாள். போனை அவர் பக்கமாக நீட்டப் போனவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

“அப்ப நான் கெளம்புதேன் ஐயா. தாள் இல்லாமலே போயி, கெஞ்சிக் கேட்டுப் பாக்கேன்.”

அவள் பிள்ளைகள் சங்கரன்கோவிலில் இருப்பது அப்போதுதான் குற்றாலிங்கத்துக்கு மறுபடி ஞாபகம் வந்தது. அவள்மேல் வந்த இரக்கம் அப்படியே மிஷின்மேல் ஆத்திரமாகத் திரும்பியது. பிரிண்டரின் தலையில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

“சனியனே, கண்ணு முன்னால உட்கார்ந்துக்கிட்டு இல்லைன்னா என்ன அர்த்தம்?”

வாசலில் ஆவுடையம்மை நின்றிருந்தார். காலெல்லாம் சேறு. கையில் காலி வாளி.

“என்ன அண்ணாச்சி?”

குற்றாலிங்கம் கொட்டித் தீர்த்தார். சாந்தி, அப்டேட், வயர், வட்டம், ஒன்று விடவில்லை. அம்மை கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் பார்வை லேப்டாப்பிலும் இல்லை, பிரிண்டரிலும் இல்லை. அந்தப் பெண்ணின் பாதி நீட்டிய கையில் இருந்தது.

“நீ என்னவோ சொல்ல வந்தியே தாயி.”

“ஒண்ணுமில்லம்மா.” குற்றாலிங்கத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். “இதுல அச்சுன்னு ஒரு குறி இருக்கு. வந்து உக்காந்ததும் அமுக்கிப் பாத்தேன். இந்த மிஷின்ல எழுதியிருக்க பேருதான் வருது. இதுலயே எடுக்கலாமான்னு ஐயாகிட்ட கேக்கலாம்னு...”

“எடு.”

அவள் அமுக்கினாள். பிரிண்டர் ஒரு செருமல் செருமி, தாளை உள்ளே இழுத்து, வெளியே தள்ளியது.

அவள் தாளை இரண்டு கையாலும் எடுத்தாள். மடிக்க மனசு வரவில்லை போலிருக்கிறது. முந்தானையால் மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அம்மையைக் கும்பிட்டாள். பிறகு குற்றாலிங்கத்தையும் கும்பிட்டாள்.

“உங்களுக்குத்தான் ரொம்பச் சிரமம் குடுத்துட்டேன் ஐயா.”

வைதுவிட்டுப் போயிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு உறைத்திருக்காது. அவள் ஓடிப் போய்ப் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். டிரைவர் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

குற்றாலிங்கம் பிரிண்டரின் சின்னத் திரையை இப்போதுதான் குனிந்து பார்த்தார். ‘வரவேற்பு’ என்று போட்டிருந்தது. லேப்டாப் சாந்தியில் இருந்தது. ஒரே மேசைதான், ஆனால் ஒன்று இருந்த வைஃபையில் மற்றது இல்லை.

“இதை யாரு வரவேற்புக்கு மாத்தினது?”

“நான்தான் மாத்தச் சொன்னேன். போன வாரம் வந்த ஒருத்தருக்கு அவசரமா ஒரு தாள் எடுக்க வேண்டியிருந்துச்சு. அவரே பொத்தானை அமுக்கி மாத்திக்கிட்டாரு. வாறவங்களுக்கு உதவுமே, அப்படியே இருக்கட்டும்னுட்டேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அம்மா?”

“சொல்லத்தான் வந்தேன். மௌனத்துல இருந்திய. கதவு சாத்தியிருந்துச்சு.”

குற்றாலிங்கம் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். காலையிலிருந்து எல்லாரும் சேர்ந்து தன்னைப் படுத்துகிறார்கள் என்று தோன்றியது. மிஷினும் படுத்துகிறது, குருவும் படுத்துகிறார்.

“போகட்டும். இது முடிஞ்சது. விடியக்காலையில நான் கேட்டேனே, அதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலை. தேடித் தேடி அலுத்துப் போச்சு அம்மா. இனிமே எங்கே போய்த் தேடச் சொல்றீங்க?”

அம்மை வாளியைக் கீழே வைத்தார். வாசல் வழியாகப் பஸ்ஸைப் பார்த்தார். கண்டக்டர் சுக்குக் காப்பியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பிள்ளை பேரு என்ன அண்ணாச்சி?”

குற்றாலிங்கம் மேசைக்கு எதிரே கிடந்த முக்காலியைப் பார்த்தார்.

காலையிலிருந்து அவள் அந்த முக்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் செத்தது அவருக்குத் தெரியும். பிள்ளைகள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பது தெரியும். அவள் கடிதம் எந்த அளவுத் தாள் என்பதும் தெரியும். பேர் மட்டும் தெரியாது. கடிதத்தின் தலைப்பிலேயே பேர் இருந்திருக்கும்; மெயிலில் இன்னும் இருக்கும். அவர் கை தானாக லேப்டாப்புக்குப் போயிற்று.

அம்மை ஈரக் கையால் அதன் மூடியைச் சாத்தினார்.

“அதுல தேடாதிய அண்ணாச்சி. பஸ் இன்னும் எடுக்கல.”